குழந்தைகள் மையத்தில் நோய் அறிவிப்பு

இவ்விதழில் நூல் விநியோகம், பாவு, கூலி, பயிர்க்கடன், விற்பனை ஆகிய விஷயங்களைப் பற்றியே பெரும்பாலும் எழுதப்பட்டு வருகிறது. அங்கத்தினர்களின் பொருளாதார வாழ்வே கூட்டுறவின் முதற் கவலையாதலால் அது முறையே ஆகும். ஆயினும், தறிக்குழியில் கால் வைத்திருக்கும் தாயின் கருத்து தறியிலேயே நிலைபெற வேண்டுமானால், அவள் விட்டு வந்த குழந்தை நலமாக இருக்கிறது என்னும் உறுதி அவளுக்கு இருத்தல் வேண்டும். நடவு வயலில் நிற்கும் தாய்க்கும் இது பொருந்தும். ஆகவே, குழந்தைகள் மையங்களில் தொற்று நோய் தோன்றும்போது அதனைப் பெற்றோருக்கு எவ்வாறு தெரிவிப்பது என்னும் விஷயத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். சிறிய விஷயம் போலத் தோன்றும் இதில் ஒரு குழந்தையின் உயிரும், ஒரு குடும்பத்தின் மானமும், ஒரு வாரக் கூலியும் அடங்கியிருக்கின்றன.

மையமும் தொற்றும்

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2ஆம் தேதி, நாடு முழுவதிலுமாக 33 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் நடைபெறுகின்றன. அங்கன்வாடி என்றும் பால்வாடி என்றும் ஊரார் அழைக்கும் இவற்றை அறியாத அங்கத்தினர் இரார். இவையன்றி, வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கென ஆலைகளிலும் பிற ஸ்தாபனங்களிலும் அமைந்த காப்பகங்களும் உண்டு.

வீட்டில் வளரும் குழந்தைக்கு இரண்டு மூன்று குழந்தைகளோடுதான் பழக்கம். மையத்திலோ இருபது முப்பது குழந்தைகள் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பொம்மையைக் கைமாற்றி விளையாடுகின்றனர். இரண்டு வயதுக் குழந்தைக்குக் கையும் வாயும் வேறல்ல. இருமலாலும் தும்மலாலும் பரவும் நோய்கள் ஒரு வகை. மலத்திலிருந்து கைவழியே வாய்க்குச் செல்லும் நோய்கள் மற்றொரு வகை. தோலோடு தோல் படுவதால் வரும் நோய்கள் மூன்றாம் வகை. மூன்று வகைக்கும் மையத்தில் வழி திறந்தே இருக்கிறது. இதற்காக மையத்தைக் குறை கூறுதல் பொருந்தாது. பலர் கூடும் இடத்தின் இயல்பு அது. அவ்வியல்புக்கேற்ற ஒழுங்கை நாம் வகுத்துக்கொண்டோமா என்பதே கேள்வி.

வேப்பிலை சொன்ன செய்தி

நோய் அறிவிப்பு என்பது எங்கிருந்தோ வந்த புதுமை அன்று. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். அக்கொத்தைக் கண்டவுடன் வெளியார் உள்ளே புகார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவள் தெருவின் மறுபுறம் ஒதுங்கிச் செல்வாள். எழுத்தறியாதவருக்கும் விளங்கும் அறிவிப்பு அது. மூன்று தண்ணீர் ஊற்றி முடியும் வரையில் குழந்தை வெளியே வராது என்னும் ஒழுங்கு, கொப்புளங்கள் உலரும் வரையில் பிறரோடு சேராதிருக்க வேண்டும் என்னும் இன்றைய வைத்திய விதிக்குப் பெரிதும் ஒத்துச் செல்கிறது.

எனினும், மையங்கள் தோன்றிவிட்ட இக்காலத்துக்கு வேப்பிலை மட்டும் போதாது. அது நோய் தோலில் தெரிந்த பின்னரே பேசுகிறது; நோயோ அதற்கு முன்னரே பரவத் தொடங்கிவிடுகிறது. அது ஒரு தெருவுக்கே பேசுகிறது. மையத்துக்கு வரும் குழந்தைகளோ பல தெருக்களினின்றும் வருகின்றனர். அன்றியும், அது வீட்டைச் சுட்டிக் காட்டுகிறது. வீட்டார் தாமே விரும்பிச் செருகும் வேப்பிலையில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரு பொது ஸ்தாபனம் தன் அறிவிப்பில் வீட்டைச் சுட்டுவது வேறு விஷயம். இக்குறைகளை நீக்கிய வேப்பிலையாக மையத்தின் அறிவிப்பு அமைய வேண்டும்.

ஒரு நாள் தாமதத்தின் விலை

மணல்வாரி என்றும் கூறப்படும் தட்டம்மையை உதாரணமாகக் கொள்வோம். தடுப்பாற்றல் இல்லாத 10 பேர் நோயாளியின் அருகே இருந்தால் அவர்களில் 9 பேர் வரையில் நோய்க்கு ஆளாகக்கூடும். நோயாளி அறையை விட்டு வெளியேறிய பின்னும் அந்த வைரஸ் கிருமி 2 மணி நேரம் வரையில் காற்றில் தங்கியிருக்கும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்னரே தொடங்கி, தோன்றிய பின் 4 நாள் வரையில் நோய் பிறருக்குப் பரவும்.

ஒரு மையத்தில் ஒரு குழந்தைக்குத் திங்கட்கிழமை மூக்கு ஒழுகலும், இருமலும், கண் சிவப்பும், இலேசான காய்ச்சலும் காண்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சளி என்று கருதித் தாய் திங்களன்றும் செவ்வாயன்றும் குழந்தையை மையத்தில் விட்டுச் செல்கிறாள். புதனன்று காய்ச்சல் மிகுகின்றது; வீட்டில் இருத்திக்கொள்கிறாள். வியாழன் காலை காதின் பின்புறத்திலும் முகத்திலும் தடிப்பு தோன்றுகிறது. வைத்தியர் தட்டம்மை என்கிறார். இப்போது கணக்கைப் பார்ப்போம். ஞாயிறு முதலே குழந்தை நோயைப் பரப்பும் நிலையில் இருந்தது. எனவே திங்களன்றும் செவ்வாயன்றும் மையத்துக்கு வந்த குழந்தைகள் அனைவரும் தொற்றுக்கு உட்பட்டவர்களே.

தட்டம்மைத் தடுப்பூசி பெறாத குழந்தைக்கு, தொற்று நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் வைத்தியர் ஆலோசனைப்படி ஊசி போடப்பட்டால், நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ இயலும். திங்கள் காலையில் தொடங்கிய 72 மணி நேரம் வியாழன் காலையில் முடிகிறது. தடிப்பைக் கண்ட தாய் அந்நேரமே மையத்துக்குச் சொல்லி, மையம் அந்நேரமே பிறருக்குச் சொன்னால், திங்களன்று வந்த குழந்தைக்கு நேரம் விளிம்பில் நிற்கிறது. செவ்வாயன்று மட்டும் வந்த குழந்தைக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. ‘சனிக்கிழமை தாய்மார் கூட்டத்தில் சொல்லிவிடலாம்’ என்று தள்ளி வைத்தால் இருவருக்கும் அவ்வாய்ப்பு போய்விட்டது. ஊசி போட இயலாத சிறு கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேறொரு காப்பு மருந்து உண்டு. ஆனால் அதற்கும் 6 நாள் என்னும் எல்லை இருக்கிறது. அதனைக் கொடுப்பதா என்பதைப் பெரிய மருத்துவமனையின் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்த பின்னரும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகின்றன. இரு தவணையும் பெற்ற குழந்தையின் பெற்றோர் பெரும்பாலும் கவலையின்றி இருக்கலாம். 9 மாதம் நிறையாத கைக்குழந்தைக்கோ ஊசியின் காப்பு இல்லை. தொட்டிலில் கிடக்கும் அக்குழந்தைக்கு நோய் வருவது எங்கிருந்து? மையத்துக்குச் சென்று வரும் அண்ணனிடமிருந்தோ அக்காளிடமிருந்தோதான். தட்டம்மை வெறும் தடிப்போடு போகும் நோயன்று. நுரையீரல் அழற்சியாலும் வயிற்றுப்போக்காலும் உயிரைப் பறிக்கும். வைட்டமின் ஏ குறைந்த குழந்தையின் கண்ணைக் கெடுக்கும். ஆகவேதான் நோயுற்ற குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்களில் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டுமென வைத்தியர்கள் கூறுகின்றனர். ஓர் அறிவிப்பின் பெறுமானம் இவ்வளவு.

யார் யாருக்குத் தெரிவிப்பது?

1889ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட தொற்று நோய் அறிவிப்புச் சட்டம், வீட்டுத் தலைவர், சிகிச்சை செய்யும் வைத்தியர் ஆகிய இருவர் மீதும் அறிவிக்கும் கடமையைச் சுமத்தியது. நம் மாநிலத்தில் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்று நோயைக் கண்டறிந்த வைத்தியர் அதனைச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமென விதித்தது. இவையெல்லாம் செய்தி மேலே செல்லும் வழிகள். மேலே சென்ற செய்தி பக்கத்து வீட்டுத் தாய்க்கு இறங்கி வரும் வழியும் அதேயளவு முக்கியமானது.

இதற்கு ஜெர்மனி நாட்டின் ஏற்பாடு கருதத்தக்கது. அங்கு 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தொற்றுக் காப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, குழந்தைகள் மையங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரியது. குறிப்பிட்ட நோய்களில் ஒன்று குழந்தைக்குக் கண்டால் பெற்றோர் தாமதமின்றி மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மையத்தை நடத்துபவர் சுகாதார அலுவலகத்துக்கு விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். மற்றப் பெற்றோருக்கு அறிவிக்குமாறு சுகாதார அலுவலகம் மையத்துக்கு உத்தரவிடலாம். அவ்வறிவிப்பில் நோயாளி இன்னார் என்னும் குறிப்பு இருத்தலாகாது. பெற்றோருக்குள்ள இக்கடமையை மையம் முன்னதாகவே அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதும் அப்பிரிவிலேயே அடங்கும். மேலே செல்லும் செய்தியில் பெயர் உண்டு. பக்கவாட்டில் செல்லும் செய்தியில் பெயர் இல்லை. இந்த வேறுபாடே அவ்வேற்பாட்டின் உயிர்நிலை.

நம் ஊருக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். பெற்றோர் முதலில் மையப் பணியாளருக்குச் சொல்ல வேண்டும். பணியாளர் கிராம சுகாதாரச் செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றே சொல்ல வேண்டும். பிறகு, அதே நாளில் மற்றப் பெற்றோருக்குச் செய்தி சேர வேண்டும். பணியாளர் வைத்தியர் அல்லர். நோயின் பெயரைத் தாமே முடிவு செய்தல் அவர் வேலையன்று. ‘காய்ச்சலும் தடிப்பும்’ என்று கண்டதைக் கண்டவாறே சொன்னால் போதும். நோய் இன்னதென உறுதியாகும் வரையில் காத்திராமல், ‘இந்நோயாக இருக்கலாம் என்னும் சந்தேகம் இருக்கிறது’ என்று முதல் அறிவிப்பும், உறுதியான பின் இரண்டாம் அறிவிப்பும் கொடுக்கலாம். சந்தேகம் பொய்த்தால், ‘அந்நோய் அன்று’ என்று தெரிவித்துவிட வேண்டும். இதனால் மையத்தின் மதிப்புக் குறையாது, கூடும்.

அறிவிப்பின் உறுப்புகள்

மகாசபைக் கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பும்போது நாள், நேரம், இடம், பொருள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டுமென அங்கத்தினர் அறிவர். ‘கூட்டம் நடக்கும், வாருங்கள்’ என்பது அறிவிப்பாகாது. அவ்வாறே, ‘ஊரில் காய்ச்சல் பரவுகிறது, ஜாக்கிரதையாக இருங்கள்’ என்பதும் நோய் அறிவிப்பாகாது. அது அச்சத்தைத் தருமேயன்றிச் செய்ய வேண்டியது என்ன என்பதைத் தராது. சின்னம்மை கண்ட ஒரு மையத்துக்குப் பொருந்தும் மாதிரி அறிவிப்பு ஒன்றைக் கீழே தருகிறோம்.

‘பெற்றோர் கவனத்துக்கு. நம் மையத்துக்கு வரும் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை கண்டிருக்கிறது. இம்மாதம் 3, 4 தேதிகளில் மையத்துக்கு வந்த குழந்தைகளுக்கு இது தொற்றியிருக்கலாம். தொற்றியிருப்பின் 13ஆம் தேதி முதல் 25ஆம் தேதிக்குள் காய்ச்சலும் நீர்க் கொப்புளங்களும் தோன்றும். தோன்றினால் குழந்தையை மையத்துக்கு அனுப்பாமல் எங்களுக்கு உடனே சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ, பிறந்த குழந்தையோ, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்பவரோ இருந்தால், கொப்புளம் தோன்றும் வரையில் காத்திராமல் இன்றே செவிலியரையோ வைத்தியரையோ கேளுங்கள். நோயுற்ற குழந்தைக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்க வேண்டாம். எல்லாக் கொப்புளங்களும் உலர்ந்து பொருக்குக் கட்டிய பின் குழந்தை மையத்துக்கு வரலாம். ஐயம் இருந்தால் மையப் பணியாளரையோ, 104 என்னும் தொலைபேசி எண்ணையோ கேட்கலாம்.’

நோயின் பெயர், தொற்று நேர்ந்த நாள், எந்நாள் வரையில் கவனிக்க வேண்டும், என்ன அறிகுறி, யார் விசேஷக் கவனம் கொள்ள வேண்டும், எப்போது திரும்ப வரலாம், யாரைக் கேட்பது என்னும் ஏழும் இதில் அடங்கியிருக்கின்றன. தேதிகளை எண்ணிப் போடுவதே மிகவும் பயனுள்ள பகுதி. ‘10 முதல் 21 நாட்களுக்குள்’ என்று எழுதினால் ஒவ்வொரு தாயும் விரல் விட்டு எண்ண வேண்டும். ‘25ஆம் தேதி வரையில்’ என்றால் காலண்டரில் ஒரு கோடு போதும்.

செய்தியைச் சேர்க்கும் வழியிலும் கவனம் வேண்டும். கைபேசிக் குழுவில் ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று இக்காலத்தில் பலர் எண்ணுகின்றனர். தறியின் ஓசையில் கைபேசி மணி கேட்பதில்லை. கரும்பு வயலில் அதனை எடுத்துப் பார்க்க ஓய்வில்லை. பல வீடுகளில் கைபேசி கணவனுடைய சட்டைப் பையில் இருக்கிறது. குழந்தையை அழைத்துச் செல்ல வருபவள் பாட்டியாகவோ பத்து வயது அக்காளாகவோ இருக்கலாம். ஆகவே மூன்று வழிகளையும் கையாள வேண்டும். வாயிற்பலகையில் எழுதுதல் ஒன்று. குழந்தையை ஒப்படைக்கும்போது பெரியவர் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லுதல் ஒன்று. சீட்டாகவோ கைபேசி வழியாகவோ தாய்க்கு நேரே அனுப்புதல் ஒன்று. ஒரு குறிப்பேட்டில் செய்தி பெற்றவரின் கையொப்பமோ கைரேகையோ பெற்றுக்கொண்டால், எந்த வீட்டுக்குச் செய்தி சேரவில்லை என்பது மாலையில் தெரிந்துவிடும். அன்றைக்கு வராத குழந்தைகளின் வீடுகளே பெரும்பாலும் விடுபடுவன. அவர்களுக்குத்தான் செய்தி மிகவும் தேவைப்படலாம்.

பெயர் ஏன் வேண்டாம்?

‘சிறிய ஊரில் எந்தக் குழந்தை வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், பெயரை மறைப்பதால் என்ன பயன்?’ என்று கேட்கலாம். ஊர் வாய் சொல்வது வேறு; ஒரு பொது ஸ்தாபனம் கையொப்பமிட்டுச் சொல்வது வேறு. மேலும், முதலில் தடிப்புக் கண்ட குழந்தையே நோயை மையத்துக்குக் கொண்டு வந்த குழந்தை என்று கூறுவதற்கில்லை. வேறொரு குழந்தையிடம் இலேசாக வந்து கவனிக்கப்படாமலே போன நோய், இக்குழந்தையிடம் வெளிப்பட்டிருக்கலாம். பெயர் வெளியானால் பழி ஒரு வீட்டின் மீது விழுகிறது. அவ்வீட்டாரின் தெருவும் சாதியும் பேச்சில் வருகின்றன. அவர்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கத் தயங்குவோரும் தோன்றுகின்றனர்.

இதைவிடப் பெரிய தீமையும் உண்டு. ஒரு தாயின் பெயர் ஒரு முறை வெளியானால், அடுத்த முறை எந்தத் தாயும் வாய் திறவாள். அறிவிப்பு முறை முழுவதும் முதற்படியில், அதாவது பெற்றோர் மனமுவந்து வந்து சொல்வதில் நிற்கிறது. அப்படி சரிந்தால் மேற்படிகள் யாவும் வீண். குழந்தையின் முகத்தையும் கொப்புளத்தையும் படமெடுத்துக் கைபேசிக் குழுவில் சுற்ற விடுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படினும் பெருந்தவறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

எந்நோய்க்கு எத்தனை நாள்?

அங்கத்தினர் வெட்டி வைத்துக்கொள்வதற்காக முக்கியமான சில நோய்களின் காலக்கணக்கைத் தருகிறோம்.

தட்டம்மை: தொற்றிய பின் ஏறக்குறைய 14 நாளில் தடிப்பு, 21 நாள் வரையில் கவனிக்க வேண்டும். தடிப்பு தோன்றிய பின் 4 நாள் கழியும் வரையில் மையத்துக்கு அனுப்பலாகாது.

சின்னம்மை: தொற்றிய பின் 10 முதல் 21 நாளில் தோன்றும். எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டிய பின் அனுப்பலாம்.

பொன்னுக்கு வீங்கி: 12 முதல் 25 நாளில் தோன்றும். கன்னம் வீங்கத் தொடங்கிய பின் 5 நாள் வீட்டில் இருத்தல் வேண்டும்.

கக்குவான் இருமல்: தகுந்த மருந்து தொடங்கிய பின் 5 நாள், மருந்து கொடுக்காவிடில் இருமல் தொடங்கியது முதல் 21 நாள். கைக்குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே இதன் அறிவிப்பில் கைக்குழந்தை உள்ள வீடுகளை முதலில் எட்ட வேண்டும்.

கை, கால், வாய் நோய்: 3 முதல் 6 நாளில் தோன்றும். காய்ச்சல் நீங்கிக் குழந்தை உண்ணவும் விளையாடவும் தொடங்கினால் அனுப்பலாம். கிருமி மலத்தில் சில வாரங்கள் வெளிப்படுமாதலால், கால் கழுவி விட்ட பின் சோப்பினால் கை கழுவுதலே உண்மையான தடுப்பு. 2022ஆம் ஆண்டில் கேரளத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பெயர் பெற்று மக்களை அச்சுறுத்தியது பெரும்பாலும் இந்நோயே.

வயிற்றுப்போக்கு: நின்ற பின் 2 நாள் கழித்து அனுப்புதல் நன்று. ஒரே நாளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கண்டால், பெற்றோருக்கு அறிவிப்பதோடு குடிநீரையும் உணவையும் சோதிக்கச் சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

சொறி சிரங்கு: மருந்து பூசத் தொடங்கிய பின் அனுப்பலாம். குழந்தைக்கு மட்டும் பூசினால் பயனில்லை. வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலேசான சளிக்கும், தலையில் பேன் இருப்பதற்கும் குழந்தையைத் திருப்பி அனுப்புதல் தேவையற்றது. ஒவ்வொரு தும்மலுக்கும் கதவடைக்கும் மையத்தில் பெற்றோர் எதையும் மறைக்கவே கற்றுக்கொள்வர். அளவுக்கு மீறிய தடை, உண்மையான ஆபத்து வரும்போது உண்மையை வரவிடாமல் செய்துவிடும்.

கூலியும் உண்மையும்

இனி, நம் சங்கங்கள் நேரே சம்பந்தப்படும் பகுதிக்கு வருகிறோம். காலையில் காய்ச்சல் மருந்தை ஊற்றி, உடம்பு குளிர்ந்த அரை மணி நேரத்தில் குழந்தையை மையத்தில் விட்டுவிட்டு ஓடி வரும் தாயைக் கடிந்து பேசுதல் எளிது. அவள் ஏன் அவ்வாறு செய்கிறாள்? பாவு அறுக்க வேண்டிய நாள் நெருங்கியிருக்கிறது. நெய்தால்தான் கூலி. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் நின்றால் அந்த நாள் திரும்ப வராது. வீட்டில் நிறுத்தப்படும் குழந்தைக்கு மையத்தின் மதிய உணவும் இல்லை. சொன்னால் இழப்பு; சொல்லாவிட்டால் அன்றைக்கு இழப்பில்லை. இந்நிலையில் உண்மை சொல்லும் தாய் தன் கைப்பணத்தைக் கொடுத்து ஊரார் குழந்தைகளைக் காக்கிறாள் என்பதை நாம் மறக்கலாகாது.

பெரியம்மை ஒழிப்பின் வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. அப்பணியில் ஊசிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு செய்திக்கும் உண்டு. நோயாளி இருக்கும் இடத்தைத் தெரிவிப்போருக்குச் சன்மானம் வழங்கப்பட்டது. செய்தி கிடைத்தவுடன் சுற்றிலும் உள்ளோருக்கு ஊசி போடப்பட்டது. 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிவுற்றது. 1980இல் உலகம் முழுவதிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தெரிவித்தவருக்கு அன்று சன்மானம் கிடைத்தது. இன்று தெரிவிக்கும் தாய்க்குக் கிடைப்பதோ கூலி இழப்பு. இந்த வேற்றுமையைச் சிறிதேனும் குறைப்பது கூட்டுறவின் கைக்கு எட்டாத காரியமன்று.

குழந்தையின் நோய் காரணமாகத் துணி ஒப்படைக்கும் நாள் தவறினால், அந்த அங்கத்தினருக்குக் காலக்கெடுவை நீட்டித்துத் தரலாம். அடுத்த பாவையும் நூலையும் அவரது வீட்டிலிருந்து வேறொருவர் வந்து பெற்றுச் செல்ல இசையலாம். துணைவிதிகள் இடமளிக்கும் அளவில், பொதுநலத்துக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து சிறு உதவி அளிப்பதை நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம். விவசாயக் குடும்பங்களிடையே, ஒருத்தி வீட்டில் நின்ற நாளின் வேலையை மற்றவர்கள் முறை வைத்துச் செய்து கொடுத்தல் கைமாற்று வேலை என்ற பெயரில் முன்பே வழங்கும் பழக்கமே. மதிய உணவைப் பொறுத்த வரையில், 2020ஆம் ஆண்டில் கொரோனாவினால் மையங்கள் மூடப்பட்டிருந்தபோது உலர் உணவுப் பொருள்கள் வீடுகளுக்கு வழங்கப்பட்டன. நோயுற்ற குழந்தைக்கு என்ன செய்ய இயலும் என்பதை மையப் பணியாளரோடு முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. பேசுவதற்கு ஏற்ற காலம் நோய் வந்த பின் அன்று. நோய் இல்லாத இந்நாளே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சங்கத்தின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவ்விஷயத்தை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு தலைவர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம். மூன்று தீர்மானங்கள் போதும். முதலாவது, ஊரிலுள்ள மையத்தின் பணியாளர், சுகாதாரச் செவிலியர் ஆகியோருடன் கலந்து, மேலே தந்த மாதிரியை ஒட்டிச் சில நோய்களுக்கான அறிவிப்புகளைத் தேதியிடும் இடம் மட்டும் விட்டு அச்சிட்டு மையத்திடம் கொடுத்து வைத்தல். இரண்டாவது, நூல் வழங்கும் நாளில் சங்கக் கட்டடத்தின் பலகையிலும் அவ்வறிவிப்பு இடம்பெறச் செய்தல். பெற்றோர் அனைவரும் தவறாமல் வரும் இடம் அதுவன்றோ! மூன்றாவது, நோயைத் தெரிவித்த அங்கத்தினருக்கு அதன் காரணமாக வேலையிலோ கூலியிலோ எவ்விதத் தண்டமும் நேராது என்று எழுத்தில் உறுதி கூறுதல்.

இம்மூன்றில் முதலிரண்டுக்குச் சிறிது செலவு உண்டு. மூன்றாவதற்குச் செலவில்லை, ஆயினும் மற்ற இரண்டும் பயன் தருவது அதனால்தான். தன் குழந்தைக்குத் தடிப்புக் கண்ட காலையில் ஒரு தாய் அஞ்சாமல் மையத்தின் வாயிலில் வந்து நின்று சொல்வாளானால், அன்றைக்கே இருபது வீடுகளில் இருபது தாய்மார் தங்கள் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். ஒருவருக்காகப் பலரும் பலருக்காக ஒருவரும் என்று நாம் கூறிவரும் கொள்கை அங்கே நடைமுறைக்கு வந்துவிடும்.